தடிமன் காய்ச்சல்தானே?

எங்கட ஆக்களிடம் ஒரு பழக்கம். மூக்கு ஒழுகினால் "தடிமன்தானே", காய்ச்சல் என்றால் "ரெண்டு பனடோல் போடு", மிஞ்சினால் கொத்தமல்லி அவித்துக் குடி. நானும் அப்படித்தான் இருந்தேன்.

2020 ஏப்ரலில், எங்கள் குசினியில் கொத்துரொட்டி போடுகிற அண்ணர் கொரோனாக் காய்ச்சலோடு படுத்தார். ஒரே வீட்டில் ஐந்து பேர் நாங்கள். நாலாம் நாள் காலை அவருடைய கதை குழறியது. நித்திரையில்லாத களை என்று நினைத்தோம். "அண்ணை விடியவே போட்டிட்டார் போல" என்று ஒருவன் சிரித்தான். பின்னேரம் வலது கையைத் தூக்க முடியாமல் போனபிறகுதான் 999க்கு அடித்தோம். பாரிசவாதம்.

யாழ் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டிட்டு வந்தவன் நான். ஆனாலும் தேடித்தேடி வாசித்தேன். இதே லண்டனில், குயீன் ஸ்குவெயார் நரம்பியல் ஆஸ்பத்திரி வைத்தியர்களும் யுனிவர்சிற்றி கொலிஜ்காரரும் 2020 ஜூலையில் 43 கொரோனா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 8 பேருக்குப் பாரிசவாதம். 12 பேருக்கு மூளை அழற்சி. அதில் 9 பேருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளின் உறையைத் தாக்குகிற வகை. அந்த ஒன்பதில் 5 பேருக்கு மூளையில் இரத்தக்கசிவு. சிலருக்கு மூச்சுத்திணறல் பெரிதாக இருக்கவேயில்லை. புளூ காய்ச்சலும் அரிதாக மூளையைத் தாக்கும்.

பயப்படுத்த எழுதவில்லை. அரிதான விசயம்தான். ஆனால் வந்தால் நேரம்தான் உயிர். இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. அடைப்பு இல்லாமல் கசிவு என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். இதை வீட்டிலிருந்து பனடோலோடு கண்டுபிடிக்க முடியாது.

எனக்குக் கோபம் எங்கள் மீதுதான். அன்று காலையே ஏன் அடிக்கவில்லை? உண்மையைச் சொன்னால், வீட்டில் இரண்டு பேருக்கு விசா இல்லை. ஆம்புலன்ஸ் வந்தால் பின்னால் ஹோம் ஒஃபிஸும் வரும் என்ற பயம். ஆம்புலன்சுக்கும் அவசரப் பிரிவுக்கும் காசு இல்லை. அகதிக்கும், தஞ்சம் கேட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவனுக்கும் ஆஸ்பத்திரி வைத்தியமும் இலவசம். இது தெரியாமல்தான் ஒரு பகலைத் தொலைத்தோம்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, காய்ச்சல்காரனின் வாய் கோணினால், கை விழுந்தால், கதை குழறினால், ஆள் தடுமாறினால், வலிப்பு வந்தால் களை என்று நினைக்காதீர்கள். உடனே 999.

அண்ணர் இப்ப இடக்கையால் சாப்பிடுகிறார். கொத்துத் தகட்டின் சத்தம் கேட்டால் எழும்பி வெளியே போய்விடுவார்.