மூன்றாவது துளை

கோவை சரவணம்பட்டியில் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் கார்ப்பரேஷன் தண்ணியா, போர் தண்ணியா என்று கேட்பார்கள். பார்க்கிங் உண்டா, கம்பெனி பஸ் எந்த முக்கில் நிற்கும் என்றும் கேட்பார்கள். சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பி ஏதாவது ஓடுகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. லட்ச ரூபாய்க்கு மேல் கொட்டி கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பிள்ளைகள் சத்தி ரோட்டின் இரண்டு பக்கமும் நிறைந்துவிட்ட இந்தக் காலத்தில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

என் அக்கா மகன் கீரணத்தம் பக்கம் ஐடி வேலையில் இருக்கிறான். இத்தனை நாள் படுக்கையறை மேசையில் கேமிங் கம்ப்யூட்டரின் 24 அங்குலத் திரையில் விளையாடிக்கொண்டிருந்தவனுக்கு, ஹாலில் 55 அங்குல டிவி சும்மா தொங்குவது பொறுக்கவில்லை. அன்னூர் வீட்டுப் பரணில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூஃபருமாகப் பழைய ஹோம் தியேட்டர் வேறு கிடந்தது. மூன்றையும் சேர்த்துவிட வேண்டும் என்று கிளம்பினான். “ஒரு ஹெச்டிஎம்ஐ ஒயர் வாங்குனாப் போதுங் மாமா, வேலை முடிஞ்சுது” என்றான். ஒயரும் வாங்கினான். படம் வந்தது. கூடவே, ஆடியோ ஒயரில் மாட்டிய ஸ்பீக்கரில் ஒரு “ம்ம்ம்” வந்தது. கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுரீர் என்றது.

அந்தச் சுரீருக்கும் அந்த ம்ம்முக்கும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வேர். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள், கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் இரும்புக்கு இரண்டு சின்ன கபாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். சுவரின் அந்தப் பெரிய துளையில் எர்த் இருந்தால் அவை கசியவிடும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக இடமில்லாமல் கேபினெட் முழுக்க 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட், சும்மா ஏறி நிற்கும். ஆம்பியர் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐ ஒயரைச் செருகிப் பிடுங்கி விளையாடினால் டிவியின் போர்ட்டுக்கு ஆபத்து. ஒயர் கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவர் தங்க முலாம் பூசிய பின்னைக் காட்டுவார்.

எலெக்ட்ரீசியன் வந்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றினார். “எர்த் ஒயரே வரலீங் தம்பி. துளைய சும்மா உட்டிருக்காங்க” என்றார். இது பல வாடகை வீடுகளில் நடக்கிற அக்கிரமம். இதைவிட மோசம், சிலர் எர்த் துளையை நியூட்ரலோடு இணைத்துவிடுவார்கள். அப்போது மல்டிமீட்டரில் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், அந்த பாயிண்ட்டில் மாட்டிய ஒவ்வொரு இரும்புப் பெட்டியும் முழு கரண்டோடு நிற்கும். 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டின் முதல் மின் மோட்டாரைச் செய்த ஊர் இது. மோட்டாருக்கு எர்த் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றத் தெரிந்த விவசாயிகளின் ஊர். அந்த ஊரிலேயே நாலு மாடி கட்டுகிறவர், நூறு ரூபாய்க் கம்பியை மிச்சம் பிடிக்கிறார்.

வீட்டு ஓனரிடம் பேசி, மீட்டர் பெட்டியிலிருந்து ஹாலுக்கு ஒரு பச்சை எர்த் கம்பி இழுத்தாயிற்று. கேட்கச் சங்கடப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-க்கு அருகிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும். சோதிக்க ஐந்து நிமிடம் போதும். நியூட்ரலோடு இணைத்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையில் தெரியாது, பெட்டியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை எலெக்ட்ரீசியன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

இதற்குப் பிறகும் ம்ம்ம் முழுக்கப் போகவில்லை. கேபிள் டிவி ஒயர் தெருக்கம்பத்திலிருந்து தன்னுடைய எர்த்தைத் தூக்கிக்கொண்டு வந்து டிவிக்குள் நுழைகிறது. கம்ப்யூட்டரின் எர்த் சுவரிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் இடையே இருக்கும் சின்ன வித்தியாசம் ஆடியோ ஒயர் வழியாக ஓடி, 50 ஹெர்ட்ஸில் முனகுகிறது. கேபிள் ஒயரைக் கழற்றிப் பார்த்தோம், சத்தம் நின்றது. நண்பன் ஒருவன் பிளக்கின் மூன்றாவது பின்னை உடைத்துவிடச் சொன்னானாம். இந்த யோசனை சொல்கிறவர்களை வீட்டுக்குள் விடக் கூடாது. கேபிள் ஒயரில் ஒரு ஐசொலேட்டர் போடலாம். கம்ப்யூட்டர், டிவி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பலகையில் மாட்ட வேண்டும். மூன்றும் சேர்ந்து ஆயிரம் வாட்டுக்குள்தான் வரும். 6 ஆம்பியர் பாயிண்ட் 1,380 வாட் வரை தாங்கும்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒயரை மதர்போர்டில் மாட்டாமல் கிராஃபிக்ஸ் கார்டில் மாட்ட வேண்டும். 4கே படத்தை நொடிக்கு 120 தடவை காட்ட, 2017-ல் வந்த ஹெச்டிஎம்ஐ 2.1 வேண்டும். டிவியில் நாலு போர்ட் இருந்தாலும் பல மாடல்களில் இரண்டில்தான் அது உண்டு. ஒயர் மூன்று மீட்டருக்கு மேல் நீண்டால் இந்த வேகத்தில் செம்பு திணற ஆரம்பிக்கும். எழுத்துகள் ஓரத்தில் கசங்கித் தெரிந்தால், டிவி மெனுவில் அந்த இன்புட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் மாற்றிப் பாருங்கள். பல டிவிகள் அந்தப் பெயரைக் கண்ட பிறகுதான் நிறத்தைச் சுருக்காமல் காட்டும்.

முக்கியமான ஒரு பொத்தான் உண்டு, கேம் மோட். டிவி என்பது சினிமாவையும் கிரிக்கெட்டையும் மெருகேற்றிக் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட சாதனம். வருகிற ஒவ்வொரு படத்தையும் பிடித்துவைத்து, கூர்மையாக்கி, நடுவில் இல்லாத படங்களையும் தானே வரைந்து சேர்த்துத்தான் வெளியே விடும். அதில் நூறு மில்லி செகண்டுக்கு மேல்கூடப் போய்விடலாம். சினிமா பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. ஒலியையும் அதே அளவு பிந்தவிட்டால் உதடும் பேச்சும் பொருந்திவிடும். 1940-களில் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவிலும் புலியகுளம் பட்சிராஜாவிலும் படமும் ஒலியும் தனித்தனியாகப் பதிவாகி, கிளாப் கட்டையின் தட்டலை அடையாளமாக வைத்துத்தான் ஒன்றாக ஒட்டப்பட்டன. கோவைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை புதிதல்ல.

விளையாட்டில் அந்த வழி செல்லாது. பட்டனை அழுத்துகிறவன் தன் விரலையும் சேர்த்துப் பிந்தவிட முடியுமா? எதிரி திரையில் தெரிவதற்குள் நாம் செத்திருப்போம். கேம் மோட் போட்டால் டிவி இந்த மெருகு வேலைகளை நிறுத்திவிட்டு, வந்ததை வந்தபடி காட்டும். படம் கொஞ்சம் வெளிறும், பரவாயில்லை.

ஒலிக்கு மனிதக் காது எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு 45 மில்லி செகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் 125 வரை கவனிக்க மாட்டோம். இயற்கையில் இடி எப்போதும் மின்னலுக்குப் பின்னால்தான் வருகிறது, நமக்கு அதுதான் பழக்கம். ஆனால் அந்தக் கணக்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கானது. சுடுகிறவனுக்கு அதில் பாதிகூட அதிகம். ப்ளூடூத் சவுண்ட்பாருக்கு ஒலியை அனுப்பினால் நூறு, இருநூறு மில்லி செகண்ட் சாதாரணமாகப் போய்விடும். ஆகவே ப்ளூடூத் வேண்டாம். பாட்டுக் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த ஐந்து ஸ்பீக்கர்கள். பழைய ஆடியோ ஒயருக்குப் பதிலாக டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயர் போட்டு ஹோம் தியேட்டருக்குக் கொடுத்ததும் முன்னால் இரண்டு மட்டும் பேசின, பின்னால் இருப்பவை ஊமை. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைத்தான் பையன். டிவியோ “என்னிடம் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது” என்று கம்ப்யூட்டரிடம் சொல்லியிருந்தது. கம்ப்யூட்டர் அதை நம்பி இரண்டு சேனல் மட்டும் அனுப்பியது. ஆப்டிகல் ஒயரிலும் அழுத்தாத (கம்ப்ரெஸ் செய்யாத) ஒலி இரண்டு சேனல்தான் போகும். ஐந்தும் வேண்டுமென்றால் டால்பி, டிடிஎஸ் மாதிரி அழுத்தி அனுப்ப வேண்டும். சினிமாவில் அது முன்பே அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. விளையாட்டில் எந்தப் பக்கம் எவன் ஓடி வருகிறான் என்பது அந்த நொடியில்தான் தீர்மானமாகிறது. உடனுக்குடன் அழுத்தித்தர எல்லா மதர்போர்டுகளாலும் முடிவதில்லை.

டிவியிலிருந்து ஹெச்டிஎம்ஐ ஒயரிலேயே முழு ஒலியையும் வாங்கிக்கொள்ளும் இஆர்க் வசதியுள்ள ரிசீவர் புதிதாக வாங்கினால் தீரும் என்றார்கள். தீரும்தான், அரை லட்சத்துக்கு. அதற்கு முன் கம்ப்யூட்டரின் முதுகைப் பார்க்கச் சொன்னேன். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று துளைகள் இருந்தன. முன் ஸ்பீக்கருக்குப் பச்சை, பின் ஸ்பீக்கருக்குக் கறுப்பு, நடு ஸ்பீக்கருக்கும் வூஃபருக்குமாக ஆரஞ்சு. பழைய ஹோம் தியேட்டரின் பின்னால் ஆறு ஆர்சிஏ துளைகள். ஒரு பக்கம் ஒற்றைப் பின், மறுபக்கம் இரட்டைப் பின் உள்ள சாதா ஒயர் மூன்று வாங்கி நேராகக் கொடுத்தால் அழுத்தல் இல்லை, டிவியின் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரின் சவுண்ட் செட்டிங்கில் டிவியை விட்டு ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, 5.1 என்று சொன்னால் ஐந்தும் பேசும். ஆப்டிகலில் மின்சாரம் ஓடாததால் முனகல் வராது. இந்தச் செம்பு ஒயர்களோ எர்த் சரியில்லாவிட்டால் ஊரையே முனகவைக்கும். பச்சைக் கம்பியை முதலில் இழுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த ஏற்பாட்டில் அக்காவுக்கும் லாபம். ஒலியை டிவி வழியாக ஹோம் தியேட்டருக்குக் கொடுத்திருந்தால், சீரியல் பார்க்க அவள் இரண்டு ரிமோட்டோடு போராட வேண்டியிருக்கும். இப்போது சீரியலுக்கு டிவியின் ஸ்பீக்கர், விளையாட்டுக்கு ஆம்ப்ளிஃபயர். “எனக்கு எதுவும் மாறலைல்ல?” என்று மட்டும் கேட்டாள். மாறவில்லை.

மாறியது கீழ் வீட்டுக்காரருக்கு. வூஃபரின் கனத்த சத்தம் கான்கிரீட் தளத்தைத் தாண்டிப் போகும், காற்றில் வருவதை அடைக்கிற கதவு ஜன்னலால் அதை அடைக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரஞ்சு ஒயரைப் பிடுங்கிவிடு என்றேன். “நடு ஸ்பீக்கரும் சேந்து போயிருமுங்களே மாமா, அதுலதான் பேச்செல்லாம் வருது” என்றான். ஆம்ப்ளிஃபயர் பக்கம் அதே ஒயர் இரண்டாகப் பிரிகிறது. அதில் வூஃபருக்குப் போகிற பின்னை மட்டும் பிடுங்கினால் போதும்.