இடிப்பதற்கல்ல, பூட்டி வைப்பதற்குமல்ல

தலைநகர் தில்லியில் அப்துல் கலாமின் பெயரைத் தாங்கி நிற்கும் சாலை, 2015 வரை ஔரங்கசீப் சாலை என்று அழைக்கப்பட்டது. அச்சாலையின் 10-ஆம் எண் பங்களா ஒருகாலத்தில் முகமது அலி ஜின்னாவுக்குச் சொந்தமாக இருந்தது. 1947-இல் கராச்சிக்குப் புறப்படும் முன் அதைத் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவுக்கு அவர் விற்றார். பின்னர் நெதர்லாந்து அரசு அதை வாங்கித் தன் தூதரின் இல்லமாக்கிக் கொண்டது. அந்த வீட்டைப் பற்றி எந்தச் சர்ச்சையும் இல்லை.

விற்காமல் விட்டுச் சென்ற இன்னொரு வீடுதான் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சர்ச்சையாக நீடிக்கிறது. மும்பை மலபார் குன்றில், சுமார் இரண்டரை ஏக்கர் நிலத்தில் அமைந்திருக்கும் ஜின்னா இல்லம்தான் அது. சர் ஜே.ஜே. கலைப் பள்ளியில் கட்டடக்கலை கற்பித்த ஆங்கிலேயரான கிளாட் பேட்லி அதை வடிவமைத்தார். இத்தாலியப் பளிங்கும் வாதுமை மர வேலைப்பாடுகளும் கொண்டு 1930-களின் பிற்பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட மாளிகை அது.

அதன் மதிப்பு பளிங்கில் இல்லை. 1944 செப்டம்பர் 9 முதல் 27 வரை காந்தியடிகள் ஜின்னாவைச் சந்தித்துப் பேசியது அந்த வீட்டில்தான். அப்பேச்சுக்கு அடிப்படையாக அமைந்தது ராஜாஜி வகுத்தளித்த திட்டம். போர் முடிந்த பிறகு, வடமேற்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அடுத்தடுத்த மாவட்டங்களை வரையறுத்து, பிரிவதா இல்லையா என்பதை அங்குள்ள மக்களின் வாக்கெடுப்புக்கு விடலாம். பிரிந்தாலும் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து ஆகியவற்றில் உடன்பாடு வேண்டும் என்பது அதன் சாரம். காங்கிரஸ்காரர்கள் பலரின் கோபத்துக்கு ஆளாகியும் ராஜாஜி தன் கருத்திலிருந்து பின்வாங்கவில்லை. ஜின்னாவோ அதை ஏற்கவில்லை. ஒரு தமிழரின் சமரச முயற்சி தோற்ற இடமும் அந்த வீடுதான்.

1946 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, இடைக்கால அரசில் சேருமாறு அழைக்க ஜவாஹர்லால் நேரு அங்கே சென்றார். அப்பேச்சும் பலிக்கவில்லை. மறுநாள் முஸ்லிம் லீக்கின் நேரடி நடவடிக்கை நாள். கல்கத்தா வீதிகள் ரத்தத்தில் நனைந்தன. அடுத்த ஆண்டு அதே ஆகஸ்ட் 15-இல் நாடு விடுதலை பெற்றது, இரண்டாகப் பிரிந்தும் போயிற்று. லட்சக்கணக்கானோரின் உயிரையும் கோடிக்கும் மேற்பட்டோரின் வீடுவாசலையும் பறித்த ஒரு நிகழ்வைத் தடுத்திருக்கக்கூடிய கடைசி வாய்ப்புகளில் இரண்டு அந்தக் கூரையின் கீழ்தான் நழுவின.

பிரிவினைக்குக் காரணமானவரே அந்த வீட்டை மறக்க முடியாமல் தவித்தார் என்பது வரலாற்றின் விசித்திரம். அதைத் தம்மிடமிருந்து பறித்துவிட வேண்டாம் என்று நேருவிடம் தெரிவிக்குமாறு ஜின்னா தன்னிடம் கேட்டுக் கொண்டதை, பாகிஸ்தானுக்கான முதல் இந்தியத் தூதர் ஸ்ரீபிரகாசா பதிவு செய்திருக்கிறார். ஜின்னா 1948-இல் மறைந்தார். அதன் பின் அந்த வீடு, நாட்டைவிட்டு வெளியேறியவரின் சொத்தாக அரசின் பொறுப்பில் வந்தது. பிரிட்டனின் துணைத் தூதரகம் 1982 வரை அங்கே இருந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் பயன்பாடின்றியே கிடந்தது.

அதைத் தன் துணைத் தூதரகத்துக்குத் தருமாறு பாகிஸ்தான் கேட்டது, இந்தியா இணங்கவில்லை. ஜின்னாவின் ஒரே மகளான தினா வாடியா, இந்தியாவிலேயே வாழ முடிவு செய்தவர் என்ற முறையில், 2007-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் உரிமை கோரினார். 2017 நவம்பரில் அவர் காலமானார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், எதிரிச் சொத்துச் சட்டம் திருத்தப்பட்ட சில நாள்களில், அவ்வீட்டை இடித்துவிட்டுக் கலாசார மையம் எழுப்ப வேண்டும் என்ற கோரிக்கை மகாராஷ்டிர சட்டப்பேரவையில் எழுந்தது. 2018 இறுதியில், தில்லி ஹைதராபாத் இல்லத்தைப் போல அதையும் சீரமைத்துப் பயன்படுத்தும் திட்டம் இருப்பதாக வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் தெரிவித்தார்.

இடிப்பதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால், ஹைதராபாத் இல்லம் வெளிநாட்டுத் தலைவர்கள் விருந்துண்ணும் இடம். சாதாரணக் குடிமகன் அதன் வாயிற்கதவைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஜின்னா இல்லமும் அப்படியே ஆகுமென்றால், கட்டடம் பிழைக்கும்; வரலாறு பூட்டியே கிடக்கும்.

நாட்டைப் பிளந்தவருக்கு நினைவகமா என்று சிலர் கொதிப்பது புரிந்துகொள்ளக் கூடியதே. உறவினரை இழந்து, ஊரை இழந்து வந்த குடும்பங்களுக்கு அந்தப் பெயரே ஆறாத புண். ஆனால், நினைவகம் வேறு, சாட்சியம் வேறு. ஒருவரைப் போற்றுவதற்காக எழுப்பப்படுவது நினைவகம். என்ன நடந்தது என்பதை வருங்காலத்துக்குச் சொல்வதற்காகக் காக்கப்படுவது சாட்சியம். குற்றம் சாட்டுகிறவர்தான் சாட்சியத்தை முதலில் பாதுகாக்க வேண்டும். அதை இடிக்கச் சொல்வது அவருடைய வழக்கையே பலவீனப்படுத்தும்.

இதற்கு முன்னுதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. சிம்லாவில் 1888-இல் கட்டி முடிக்கப்பட்ட வைஸ்ராய் மாளிகை, சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தோடும் தொடர்புடைய ஹென்றி இர்வினின் கைவண்ணம். அந்நிய ஆட்சியின் அதிகார பீடமாக இருந்தது அது. 1945-இல் சிம்லா மாநாடு கூடி முறிந்ததும் அங்கேதான். அதை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. குடியரசுத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் விருப்பத்தால், 1965 முதல் உயர் ஆய்வு நிறுவனமாக அது விளங்குகிறது. பார்வையாளர்களும் உள்ளே செல்கிறார்கள். அமிருதசரஸின் பழைய நகர மண்டபத்தில் 2017-இல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகத்தில், அகதிகள் கொண்டு வந்த பெட்டிகளும் துணிகளும்கூடப் பேசுகின்றன.

அமிருதசரஸ் பிரிவினையின் விளைவைக் காட்டுகிறது. அதன் காரணத்தைக் காட்ட ஓர் இடம் வேண்டாமா? தலைவர்கள் எதைப் பேசினார்கள், எங்கே பிடிவாதம் பிடித்தார்கள், எந்தச் சமரசங்கள் நிராகரிக்கப்பட்டன என்பதை அவை நடந்த இடத்திலேயே நின்று படிக்கும் வாய்ப்பு, மலபார் குன்றைத் தவிர வேறெங்கும் எளிதில் கிடைக்காது. உரிமை பற்றிய கேள்விக்கு நீதிமன்றமும் சட்டமும் விடை சொல்லட்டும். அரசின் கையில் இருக்கும் வரை, விருந்து மண்டபமாக ஒரு பகுதியை வைத்துக்கொண்டாலும், 1944, 1946 பேச்சுகளின் ஆவணங்களைக் காட்சிக்கு வைத்து மறுபகுதியை மக்களுக்குத் திறந்துவிடுவதில் வெளியுறவு அமைச்சகத்துக்கு எந்த இழப்பும் இல்லை.

பிரிவினையைப் பற்றி மேடைதோறும் பேசப்படுகிறது. வெறுப்பை மூட்டவும் அதுவே பயன்படுகிறது. பேச்சுவார்த்தை முறிந்தால் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை அறிந்த தலைமுறையோ வேகமாக மறைந்து வருகிறது. அவர்கள் இல்லாத நாளில் அந்தப் பாடத்தைச் சொல்ல எஞ்சியிருப்பவை ஆவணங்களும் கட்டடங்களுமே. வேண்டாத வரலாற்றின் மீது மண்வெட்டி பாய்ச்சுவதும், பூட்டுப் போடுவதும் துணிவின் அடையாளங்கள் அல்ல. ஜின்னா இல்லத்தின் கதவை இந்தியக் குடிமக்களுக்குத் திறந்துவிடுவதே தன்மீது நம்பிக்கையுள்ள ஒரு குடியரசுக்கு அழகு.