கடலோர சைக்கிள் பாதை: கான்கிரீட் வேண்டாம், எண் பலகை போதும்

தை, மாசி மாதங்களில் சென்னையிலிருந்து தெற்கே சைக்கிள் மிதிப்பவருக்கு வாடைக்காற்று முதுகுப் பக்கம் இருக்கும். ஏறி இறங்க மலை கிடையாது. மரக்காணத்து உப்பளம், தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, சேதுபாவாசத்திரம் அருகே சரபோஜி மன்னர் கட்டிய மனோரா, வேம்பாரைச் சுற்றிய பனங்காடு, மணப்பாட்டு மணல் குன்று என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது கரை. நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு இயற்கை இவ்வளவு தயார் செய்து வைத்திருக்கும் கடலோரம் உலகில் அதிகம் இருக்காது. ஆனால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நிம்மதியாக மிதித்துப் போக இங்கே வழி அமைத்துக் கொடுத்தவர் யாருமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறதே என்று கேட்கலாம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அது நான்கு வழிச்சாலையாகிக்கொண்டிருக்கிறது. புதுச்சேரியிலிருந்து நாகப்பட்டினம்வரையும் அதே வேலைதான். சாலை அகலமானதும் காரின் வேகம் கூடுகிறது, நிழல் தந்த மரங்கள் போகின்றன, நடுவில் தடுப்புச்சுவர் எழுகிறது. எதிர்ப்பக்க ஊருக்குப் போகவேண்டிய சைக்கிள்காரர் திரும்புவதற்கு அடுத்த இடைவெளி எங்கோ தள்ளி இருப்பதால், சாலையோரமாக எதிர்த்திசையில் வருகிறார். அவரைக் குற்றம் சொல்வது எளிது. வேறு வழியை நாம் வைக்கவில்லை. சுற்றுலா சைக்கிள் பாதைக்கு இந்தச் சாலையை முதுகெலும்பாக வைக்கும் எந்தத் திட்டமும் ஆபத்தானது.

அடுத்து வரும் யோசனை, கடலை ஒட்டியே சிமென்ட் பாதை போடுவது. படத்தில் அழகாக இருக்கும். நான் இதை முழுமூச்சாக எதிர்க்கிறேன். வேதாரண்யம் பக்கத்து நாலுவேதபதி கிராமத்தார் 2002-ல் ஒரே நாளில் 80,000-க்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஆழிப்பேரலை வந்தபோது அந்தத் தோப்பு அலையின் வேகத்தைக் குறைத்து ஊரைக் காத்தது. மணல்மேடும் அதன் மேல் வளர்ந்த மரமும்தான் கரையோரக் குடிகளின் அரண். கட்டுமரமும் வலையும் கிடக்கும் மணல், மீனவர்களின் தொழிற்கூடம். அதன் குறுக்கே உல்லாசப் பயணிக்காகக் கான்கிரீட் ஊற்ற நமக்கு உரிமை இல்லை.

தேவையும் இல்லை. நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஊர்ச்சாலைகள் ஏராளமாக ஓடுகின்றன. காவிரிப் படுகையில் வாய்க்கால்தோறும் கரைச்சாலை உண்டு. பூம்புகாரிலிருந்து வானகிரி, சின்னங்குடி வழியாகத் தரங்கம்பாடிக்கு வரும் பகுதியைப் பாருங்கள்: மீனவர் ஊர்களையும் வயல்களையும் சின்னச் சின்னத் தார்ச்சாலைகள் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. வெளியூர்க்காரருக்கு எந்த முக்கில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது, அவ்வளவுதான். கைபேசி வரைபடம் அவரைத் திரும்பத் திரும்ப நெடுஞ்சாலைக்கே தள்ளிவிடும்.

இந்தச் சிக்கலை பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் 1995-லேயே தீர்த்துவிட்டது. ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனை அது. நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வழிகள் பிரியும் இடங்களுக்கு எண் கொடுப்பது வழக்கம். அதையே மேலே, வயல்வெளிச் சாலைகளுக்குக் கொண்டுவந்தார். சாலைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். அங்கே நிற்கும் பலகை அடுத்தடுத்த எண்களுக்கு அம்புக்குறி காட்டும். 14, 22, 37 என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு கிளம்பினால் போதும். புதிய சாலை பெரும்பாலும் போடவில்லை, இருந்ததைக் கோத்தார்கள். அந்த முறை பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி முழுக்கவும் நெதர்லாந்திலும் பரவி, இன்று அங்கே சைக்கிள் பயணம் என்றாலே அந்த எண்கள்தான். ஒரே நீளக் கோடாக இல்லாமல் வலையாக இருப்பதால் பாதியில் திரும்பலாம், சுற்றி வரலாம், களைத்தால் பக்கத்து ரயில் நிலையத்துக்குப் போகலாம். நமக்கு மிகப் பொருத்தமானது இந்த வலை.

நம் கரையின் உண்மையான இடைஞ்சல் வேறு. அது முகத்துவாரங்கள். பிச்சாவரத்துக்கும் பழையாறுக்கும் நடுவில் கொள்ளிடம் கடலில் கலக்கிறது. கடல்வழியே பக்கம், தரைவழியே சிதம்பரம் போய், நெடுஞ்சாலைப் பாலத்தில் ஆற்றைத் தாண்டி, மறுபடி கிழக்கே வரவேண்டும். பாலாறு, பெண்ணையாறு, வெள்ளாறு எல்லாவற்றிலும் இதே கதை. பாலம் பெரிய சாலையில்தான் இருக்கும் என்பதால், எவ்வளவு அழகாக ஊர்ச்சாலைகளைக் கோத்தாலும் ஒவ்வோர் ஆற்றிலும் லாரிகளுக்கு நடுவே வந்து நிற்கவேண்டியிருக்கிறது. கோடியக்கரையிலிருந்து முத்துப்பேட்டைக்கும் நேர்வழி கிடையாது. இடையில் இருப்பது சதுப்பு.

ஜப்பானில் ஹொன்ஷு, ஷிகோகு தீவுகளை இணைக்கும் ஷிமனாமி கைடோ பாதையைப் பாலங்களுக்காகவே புகழ்வார்கள். ஒனோமிச்சியிலிருந்து இமாபாரிவரை ஆறு தீவுகளைத் தாண்டி 70 கிலோமீட்டர். பாலங்கள் 1999-ல் முழுமையாக இணைந்தன. சாலையோரம் இழுத்த நீலக்கோடு வழிகாட்டுகிறது. ஆனால், அதன் முதல் தாண்டலே பாலத்தில் இல்லை. ஒனோமிச்சியின் பாலம் சைக்கிளுக்கு ஒடுக்கமானது என்பதால் பயணிகளைப் படகில் ஏறச் சொல்கிறார்கள். சில நிமிடத்தில் அக்கரை. நெதர்லாந்திலும் ஆறுகளில் நடப்பவரையும் சைக்கிளையும் மட்டும் ஏற்றும் சின்னப் படகுகள் ஓடுகின்றன. கொள்ளிடத்திலும் வெள்ளாற்றிலும் படகுக்கும் படகோட்டிக்கும் பஞ்சமில்லை. உரிமம், உயிர்காப்பு மிதவை, காப்பீடு, இறங்குதுறை, நிர்ணயித்த கட்டணம் ஆகியவற்றை அரசு ஏற்பாடு செய்தால், குளிர்கால மாதங்களில் அந்த வருமானம் நேராக மீனவர் வீட்டுக்குப் போகும். ஒரு பாலத்தின் செலவில் எத்தனை படகுத்துறை கட்டலாம்!

வெளிநாட்டில் இல்லாத ஒன்றும் இங்கே வேண்டும்: நிழல். மாசி மாதத்திலேயே காலை பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை கொதிக்கும். பலகை எங்கே நடுவது என்பதைத் தூரத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது; மரத்தையும் தண்ணீர்க் குழாயையும் பஞ்சர் கடையையும் வைத்து முடிவுசெய்ய வேண்டும். புங்கனும் பூவரசும் நிற்கும் சாலை இரண்டு கிலோமீட்டர் சுற்றாக இருந்தாலும் அதுதான் சரியான வழி.

இத்தனையும் எத்தனை பேருக்காக என்ற கேள்வி நியாயமானது. நெடுந்தூரம் மிதிப்பவர்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால், இந்த ஊர்ச்சாலைகளில் ஏற்கெனவே சைக்கிள் ஓடுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது; பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தார்கள். அரசு தரும் விலையில்லா சைக்கிளில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இன்றும் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் உயிரைக் கையில் பிடித்து நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்டும் இடமும், பயணப் பாதை தாண்ட வேண்டிய இடமும் ஒன்றே. அங்கே ஒரு சுரங்கவழியோ, வேகத்தடையும் விளக்கும் கொண்ட கடவையோ வந்தால் ஆண்டு முழுக்கப் பயன்பெறுவது அந்தப் பிள்ளைகள்தாம். சுற்றுலாப் பயணி அதில் சேர்ந்துகொள்கிறார். இந்த வரிசை தலைகீழானால் திட்டமே வேண்டாம் என்பேன்.

தடையாக இருப்பது பணம் அல்ல, நிர்வாகம். ஊராட்சிச் சாலைகள் ஊரக வளர்ச்சித் துறையிடம். மாவட்டச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். ஆற்றங்கரை நீர்வளத் துறையிடம். பலகை வைக்க ஆசைப்படும் சுற்றுலாத் துறையிடம் ஓர் அடி சாலைகூட இல்லை. இவற்றைக் கோக்கும் அதிகாரம் உள்ளவர் மாவட்ட ஆட்சியர் ஒருவர்தான். எனவே கரை முழுவதற்கும் ஒரே பெருந்திட்டம் என்று அறிவித்து ஆலோசனை நிறுவனத்திடம் கொடுப்பதைவிட, மயிலாடுதுறை மாவட்டத்தில் மட்டும், பழையாறிலிருந்து தரங்கம்பாடிவரை, முதலில் செய்து பார்க்கலாம். எந்தத் தெரு மழையில் மூழ்கும், எந்த மதகு உடைந்திருக்கிறது என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எண்களை அவர்களோடு உட்கார்ந்து போடவேண்டும். கூடவே ரயில்வேயிடம் ஒரு கோரிக்கை: சைக்கிளைப் பார்சலாகப் பதிந்து அனுப்பும் இன்றைய முறைக்குப் பதிலாக, சீர்காழியிலும் மயிலாடுதுறையிலும் நிற்கும் பயணிகள் ரயில்களில், சீட்டு வாங்கியவர் தன் சைக்கிளைத் தானே ஏற்றி இறக்க ஒரு பெட்டியில் இடம் ஒதுக்க வேண்டும்.