ஒன்றும் நடக்காத ஹோட்டல்

'கிராண்ட் ஹோட்டல்' படத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம் நண்பர்கள் உடனே டாக்டர் ஓட்டர்ன்ஷ்லாகிடம் போய்விடுகிறார்கள். யுத்தத்தில் முகம் சிதைந்து, ஹோட்டல் முன்கூடத்தில் உட்கார்ந்தபடி, இங்கே எதுவுமே நிகழ்வதில்லை என்று சலித்துக்கொள்கிறவர் அவர். அந்தச் சலிப்புதான் படத்தின் தரிசனமாம். இல்லை. அது விருந்தாளியின் கண்கோளாறு.

விக்கி பௌமின் ஜெர்மன் நாவல் 1929ல் வந்தது. நாடகமாகி, 1932ல் எட்மண்ட் கூல்டிங் இயக்கத்தில் ஹாலிவுட் படமாயிற்று. கிரேட்டா கார்போ, ஜோன் க்ராஃபோர்ட், வாலஸ் பீரி, பாரிமோர் சகோதரர்கள் இருவர் என்று ஐந்து நட்சத்திரங்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் நடிப்பு, இயக்கம், எழுத்து என்று வேறெந்தப் பிரிவிலும் ஒரு பரிந்துரைகூடக் கிடையாது. பரிசு கூட்டுத்தொகைக்குப் போயிற்று. பேரேட்டில் கூட்டிக் கூட்டியே வயதாகிறவன் சொல்கிறேன், கூட்டுத்தொகை ஒரு அனுபவம் ஆகாது.

இருந்தும் இந்தப் படத்தை 'ஜனரஞ்சகக் குப்பை' என்று தள்ளுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதில் கிரிங்கெலைன் இருக்கிறான். ப்ரைஸிங்கின் ஆலையில் கணக்கெழுதியவன். சாகப்போவது தெரிந்ததும் சேமிப்பை எடுத்துக்கொண்டு, முதலாளி தங்குகிற அதே பெர்லின் ஹோட்டலுக்கு வருகிறான். ப்ரைஸிங் அவனை அதட்டி, வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்லும்போது, செத்துக்கொண்டிருக்கிறவனை எப்படி நீக்குவாய் என்று திருப்பிக் கேட்கிறான். மேலதிகாரியின் முன் கைகட்டி நின்ற எவனுக்கும் அந்தக் காட்சி வெறும் மெலோடிராமா அல்ல.

படம் தவறுவது அதற்கப்புறம். நாவலில் அவனுக்கு ஒரு சிற்றூர் உண்டு, மனைவி உண்டு, காசை எண்ணியெண்ணிச் செலவழித்த வருஷங்கள் உண்டு. காமிரா ஹோட்டலை விட்டு நகராததால் அந்த வருஷங்கள் கண்ணில் படுவதில்லை. கடைசியில் ஸ்டெனோ ஃப்ளெம்ஷனோடு பாரிஸுக்குக் கிளம்புகிறான். அங்கேயும் ஒரு கிராண்ட் ஹோட்டல் இருக்கும். ஆக, குமாஸ்தா வாய் திறக்க இரண்டு தகுதிகள் வேண்டும்: கையில் ரொக்கம், உடம்பில் மரணம். இவை இரண்டும் இல்லாமல் ப்ரைஸிங்கின் ஆலையில் இன்னும் கணக்கெழுதிக்கொண்டிருப்பவர்கள்? படம் கேட்கவில்லை. நம் விமர்சகர்களும் கேட்கவில்லை.

வரவேற்பு மேஜையில் நிற்கும் போர்ட்டர் ஸென்ஃபைப் பாருங்கள். மனைவி பிரசவ வேதனையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இவன் மேஜையை விட்டு நகர முடியாது. அறையில் ஒரு கொலை விழுகிறது, பிணம் போகிறது, புது விருந்தாளிகள் வருகிறார்கள். குழந்தை பிறந்த செய்தி கடைசியில் டெலிபோனில்தான் அவனுக்கு வருகிறது. அதே கூடத்தில்தான் டாக்டர் மறுபடி சொல்கிறார், ஒன்றும் நடப்பதில்லை என்று.

வெறுமையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்க்கட்டும். அதற்கப்புறம் எழுதட்டும்.