மதர்போர்டு வாங்குமுன்

பொதுத்தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும், "கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும், பாகங்களை வாங்கி நானே பூட்டிக்கொள்வேன்" என்று கேட்கும் பிள்ளைகள் நம் அன்பர்களின் இல்லங்களில் பெருகிவிட்டனர். விளையாட்டுக்கு இத்துணைச் செலவா என்று தந்தையர் முகம் சுளிப்பதையும் நாம் அறிவோம். வாங்குவதென்று முடிவாகிவிட்டால், மிச்சம் பிடித்த பணம் வீணாகாதிருக்க, மதர்போர்டைப் பற்றிச் சிறிதேனும் அறிந்துகொண்டு கடைக்குச் செல்வது நலம். பிற பாகங்களைப் பின்னர் ஒவ்வொன்றாக மாற்றலாம். இதை மாற்றுவதோ, குடியிருக்கும் வீட்டுக்குப் புதிதாக அஸ்திவாரம் போடுவதை ஒக்கும்.

முதலில் பிராசஸரை முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற சாக்கெட் உள்ள போர்டைத் தேட வேண்டும். ஏஎம்டி நிறுவனம் 2022-இல் கொணர்ந்த ஏஎம்5 சாக்கெட் டிடிஆர்5 ராமை மட்டுமே ஏற்கும். 2027 வரையேனும் இதனை ஆதரிப்பதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஆகவே இன்று எளிய பிராசஸர் ஒன்றைப் பூட்டி, பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் காலத்தில் வலியதொன்றை அதே போர்டில் அமர்த்த இடமுண்டு. இன்டெல் 2021-இல் கொணர்ந்த எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் அமரும். 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கோ எல்ஜிஏ1851 என்னும் வேறு சாக்கெட் வேண்டும். எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 ஏற்பனவும் உண்டு, டிடிஆர்5 ஏற்பனவும் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. 2025-இன் இறுதியில் ராம் விலை வெகுவாக ஏறியதை எண்ணினால், பழைய டிடிஆர்4 கைவசம் உள்ளோர் இதனைக் கவனித்தே வாங்குவர்.

கடைக்காரர் எக்ஸ்870 போர்டை எடுத்து வைத்து, அதில் மின்னும் வண்ண விளக்குகளைக் காட்டுவார். விளையாட்டின் வேகம் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலிருந்தும் பிராசஸரிலிருந்தும் வருவதேயன்றி, போர்டின் விலையிலிருந்து வருவதன்று. முதன்முறை பூட்டுவோருக்கு பி650 அல்லது பி850 தாராளமாகப் போதும். பந்தலுக்கே பணம் முழுதும் செலவிட்டு விருந்தில் கைச்சிக்கனம் பிடிப்பானேன்?

சிக்கனம் பார்க்கக் கூடாத இடமும் ஒன்று உண்டு. பிராசஸர் சாக்கெட்டைச் சுற்றியுள்ள விஆர்எம் என்னும் பகுதியே அது. பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்துப் பிராசஸருக்கு ஊட்டுவது அதன் தொழில். அவ்வேலையில் அது சூடேறும். தில்லியிலும் நாக்பூரிலும் மே மாதத்து வெயில் நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 65 வாட் ரைசன் 5 7600-க்கு எளிய போர்டும் தாங்கும். 170 வாட் ரைசன் 9 7950எக்ஸ் போன்றதைப் பின்னாளில் பூட்டும் எண்ணமிருந்தால், விஆர்எம் மீது கனத்த உலோக ஹீட்சிங்க் உள்ள போர்டையே வாங்குக.

இன்னொன்று. பி650 போர்டு 2022-இல் வந்தது. ரைசன் 9000 வரிசை வந்ததோ 2024-இல். கடையில் நெடுநாள் கிடந்த போர்டாயின், பயாஸ் புதுப்பித்தாலன்றிப் புதிய பிராசஸரை அது அறிந்துகொள்ளாது. பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ் கொண்டு பயாஸ் புதுப்பிக்கும் பட்டன் சில போர்டுகளில் உண்டு. அத்தகையதைக் கேட்டு வாங்கலாம். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. கேபினெட் எதனை ஏற்குமென்று பார்த்துக்கொள்க. சுவரில் துளையிட்டுக் கேபிள் இழுக்க இசையாத வீட்டுக்காரர் வாய்த்தோருக்கு வைஃபை உள்ள போர்டே உகந்தது.

நேரு பிளேஸ் ஆயினும், மும்பை லாமிங்டன் சாலை ஆயினும், ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்க வேண்டா. கடையிலேயே பெட்டியைத் திறந்து, சாக்கெட்டின் ஊசிகள் வளையாது வரிசையாக உள்ளனவா என்று பாருங்கள். வளைந்த ஊசிக்கு வாரண்டி பெரும்பாலும் கிடைப்பதில்லை. பெட்டியைப் பத்திரப்படுத்துக. மாற்றலாகி வேறு ஊர் செல்லும்போது, கனத்த கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே கட்டுங்கள். பூட்டியபடியே லாரியில் ஏற்றினால், வழிக் குலுக்கலில் போர்டின் ஸ்லாட் பெயர்ந்துவிடக்கூடும்.