பாபநாசம் மில் ஊரைக் காக்க எழுந்து வாருங்கள்!

மில் தோழர்களே! வேலை ஓய்ந்து திண்ணையில் இருக்கும் பெரியவர்களே! மில் சம்பளத்தில் படித்து வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளே!

பாபநாசமும் விக்கிரமசிங்கபுரமும் யாருடைய உழைப்பில் வளர்ந்த ஊர்கள்? பொதிகையிலிருந்து பாய்ந்திறங்கும் தாமிரபரணியின் வேகத்தைப் பார்த்துத்தான் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே நூற்பாலை கட்டினார்கள். அரசின் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது 1944-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த ஆற்றுத் தண்ணீர் மில்லின் கதிர்களைச் சுழற்றியது. முதல் போட்டது அவர்கள். பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்கியது நம் பாட்டன் பாட்டி.

சங்கு ஊதினால் ஊர் எழும். புருவத்திலும் தலைமுடியிலும் பஞ்சு ஒட்டியிருக்க ஷிப்ட் முடிந்து ஆட்கள் திரும்பிய தெருக்கள் இவை. பதிலியாகப் பெயர் கொடுத்துவிட்டு, இன்றைக்கு வேலை உண்டா இல்லையா என்று கேட் வாசலில் காத்துக்கிடந்தவர்கள் குடியிருந்ததும் இங்கேதான். மில், தண்ணீர் வந்த வழி, குடியிருப்பு, சங்கக் கொடி ஏறிய முக்கு எல்லாம் சேர்ந்ததுதான் மில் ஊர். ஒரு புகைபோக்கியை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்றதை இடித்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

தூத்துக்குடியை நினையுங்கள். இதே ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27-இல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் பட்டினியைப் பொருட்படுத்தாமல் வெளியே வந்து நின்ற அந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அவர்கள் பெயரை எழுதி வைக்க யாரும் மெனக்கெடவில்லை. அதே அநியாயம் நம் ஊரிலும் நடக்க விடலாமா?

"பழைய கட்டடத்தைக் கட்டிக்கொண்டு அழுது என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் நம்மிலேயே உண்டு. அவர்களுக்கு ஸ்காட்லாந்தைக் காட்டுகிறேன். நம் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்ஸோடு 1974-இல் இணைந்து மதுரா கோட்ஸ் ஆன கோட்ஸ் கம்பெனி பிறந்த நாடு அது. அங்கே கிளைடு ஆற்றங்கரையில் நியூ லானார்க் என்று ஒரு சின்ன மில் கிராமம். நம்முடையதைப் போலவே ஆற்று வேகத்தில் ஓடிய மில். ராபர்ட் ஓவன் 1800-இல் பொறுப்பேற்று, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மில் வேலைக்கு எடுப்பதை நிறுத்தி, 1816-இல் அவர்களுக்குப் பள்ளி திறந்த இடம். 1968-இல் மில் மூடியது. பழைய இரும்பு வாங்கும் கம்பெனி கைக்குப் போனது. கூரைகள் சிதைந்தன. ஊரை அப்படியே விட்டுவிட மனமில்லாதவர்கள் 1974-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். வீடு வீடாகச் செப்பனிட்டார்கள். 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. எனக்கு இதில் மிகப் பெரிதாகப் படுவது ஒன்று: அந்தப் பழைய தொழிலாளர் வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. நாம் கேட்க வேண்டியதும் இதுவே. பாரம்பரியம் என்ற பெயரில் குடியிருப்போரை வெளியேற்றிவிட்டுச் சொகுசு விடுதி கட்ட யார் வந்தாலும் அவர்களையும் எதிர்த்து நிற்போம்.

மரபுச் சின்னங்களைக் காக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று 2012-லேயே நம் சட்டப்பேரவை சட்டம் இயற்றியிருக்கிறது. கோவிலுக்கும் கோட்டைக்கும் மட்டுமா அந்தச் சட்டம்? நம் மில் ஊர் முழுவதையும் ஒரே மரபுப் பகுதியாக அறிவிக்கக் கோரி மனு எழுதுவோம். எந்தக் கட்சிக் கொடி, எந்தச் சங்கம் என்று பார்க்காமல் எல்லோரும் கையெழுத்திடுவோம்.

மனுவுக்கு ஆதாரம் வேண்டும், அது நம் வீடுகளில்தான் இருக்கிறது. 1960-களில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக, எந்த வருஷம் எதற்காக ஸ்டிரைக் நடந்தது, யார் வேலை இழந்தார்கள் என்பதைச் சொல்ல ஆளில்லாமல் போகும். பிள்ளைகளே, கையில் செல்போன் இருக்கிறது அல்லவா? தாத்தாவின் அருகே உட்கார்ந்து பேச்சைப் பதிவு செய்யுங்கள். பாட்டிகளை விட்டுவிடாதீர்கள், மில் கதையில் பாதி அவர்களிடம்தான் இருக்கிறது.

தோழர்களே, இன்றே பரணில் ஏறிப் பாருங்கள். சம்பளச் சீட்டு, சங்க ரசீது, பி.எஃப். தாள், குரூப் போட்டோ என்று கிடைப்பது எதையும் பழைய பேப்பர்க்காரரின் தராசில் போட்டுவிடாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்!