பிட் அடித்த கார் கவிழும்

ரோடு நல்லா இருந்தா வண்டி நல்லா ஓடும். நாம எல்லோரும் நம்புவது இதைத்தானே? ரிமோட் கார் பந்தயத்தில் இது பாதிதான் உண்மை. தரை அளவுக்கு மீறிப் பிடித்தால் கார் வளையாது, கவிழும்.

"பொம்மைக் காரா?" என்று சிரிக்காதீர்கள். நான் சொல்வது 1/10 அளவு டூரிங் கார். அகலம் சுமார் 190 மி.மீ. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், எண்ணெய் ஊற்றிய ஷாக், ஆன்டி ரோல் பார் எல்லாம் உண்டு. ஐரோப்பாவில் குளிர்காலப் பந்தயங்களை உள்ளரங்கில் கார்ப்பெட் விரித்து நடத்துவார்கள். டயரில் பிடிப்பு கூட்ட அடிட்டிவ் என்றொரு திரவம் வேறு தடவுவார்கள். ஓட ஓட கார்ப்பெட்டில் ரப்பர் படிந்து கிரிப் ஏறிக்கொண்டே போகும்.

முதன்முதலாகக் கார்ப்பெட்டில் ஓட்டப் போனபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பெரிய பந்தய வீரரின் செட்டப் ஷீட்டை இறக்கி, ஸ்பிரிங்கிலிருந்து ஷாக் ஆயில் வரை அப்படியே காப்பி! மூன்றாவது வளைவில் உள்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தூக்கி, கார் உருண்டது. பாடி கிழிந்தது. இரண்டு மாத பாக்கெட் மணி காலி. அந்த ஷீட்டின் தலையிலேயே 'தார்த் தரை, கிரிப் குறைவு' என்று போட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

ஏன் கவிழ்ந்தது? பிளஸ் டூ இயற்பியல் போதும். டயர் தரையோடு பக்கவாட்டில் பிடிக்கிறது. காரின் எடையோ தரைக்கு மேலே இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுங்கள். பிடிப்பு அந்த எண்ணைத் தாண்டினால் கார் வழுக்காது, உருளும். கூட்டமான பஸ் வளைவில் சாய்வதுபோல் மேல்பகுதி வெளியே சாய்ந்தால், அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

வைத்தியம் மூன்று இடத்தில்.

முதலில் டயர். முன் டயரில் அடிட்டிவை உள்பக்கப் பாதிக்கு மட்டும் தடவுங்கள். வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் க்ளூ மெல்லிசாகப் பூசினால், அது மடங்கித் தரையைக் கடிப்பது குறையும்.

இரண்டாவது உயரம். அடித்தட்டுக்கும் தரைக்கும் இடைவெளி 5 மி.மீ. அளவில் இருக்கட்டும். சஸ்பென்ஷன் கைகளின் உள்முனைக்கு அடியில் அரை மி.மீ. ஷிம் வைத்தால் ரோல் சென்டர் உயரும், சாய்வு குறையும்.

மூன்றாவதுதான் ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும். முன்பக்கத்தைக் கொஞ்சம் கடினமாக்கினால் முன் பிடிப்பு குறைந்து, கார் கவிழ்வதற்குப் பதில் லேசாக வழுக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அளவு மீறினால் கார் திரும்பவே திரும்பாது.

கவனித்தீர்களா? இருக்கிற கிரிப்பில் கொஞ்சத்தை நாமே விட்டுக்கொடுக்கிறோம். மனசு ஒப்பாது. எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் கவிழ்ந்த கார் எவ்வளவு கிரிப்போடு கவிழ்ந்தால் என்ன?

"ஜெயித்தவன் கண்டுபிடித்ததை நாம ஏன் மறுபடி கண்டுபிடிக்கணும்?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அதே தரை, அதே டயர் என்றால் அந்த ஷீட்டிலிருந்தே தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் ஷீட்டில் இருப்பது விடை மட்டும்தான், கணக்கு போட்ட வழி அதில் கிடையாது. காலையில் சரியாக இருந்த செட்டப், கிரிப் ஏறிய பிறகு சாயங்காலம் கவிழ்க்கும். அப்போது எந்த ஷீட்டைத் தேடுவீர்கள்?

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். ஐந்து சுற்று ஓட்டுங்கள். என்ன நடந்தது என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

பரீட்சையில் பிட் அடித்தால் சில சமயம் தப்பித்துவிடலாம். கேள்வித்தாள் மாறிப்போனால்? கார்ப்பெட்டில் அதற்கு ரிசல்ட் வரை காத்திருக்க வேண்டியதில்லை, மூன்றாவது வளைவிலேயே மார்க் வந்துவிடும் :-)